மருந்து இல்லை, சத்து

சின்னவளின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. பெரியவள் ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டி, இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். "கைய மூடித் திற" என்றாள். சின்னவள் மூடித் திறந்தாள், அதையும் தண்ணீருக்குள் இருந்து செய்கிறவளைப் போல மெதுவாக. இருபத்திரண்டு வருஷமாகப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கிறவள் பெரியவள். குழந்தைக்கும் எடுப்பாள், குற்றுயிராகக் கிடப்பவர்களுக்கும் எடுப்பாள். சொந்தத் தங்கையின் கை இப்படிக் கண்ணாமூச்சி ஆடியதில் அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் அவளுக்கு எதற்கும் வரும். உடன் வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே ஊசிப்பட்டாசு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

"கை ஏன்டி இப்படி ஐஸா கெடக்கு?"

"இப்பல்லாம் இப்படித்தான்க்கா இருக்கு."

குரல் கரகரவென்று வந்தது. பெரியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணினித் திரையில் கேட்கச் சொல்லியிருந்த கேள்விகளைக் கடனே என்று கேட்டாள். வெறும் வயிறுதானே? ஆமாம். தைராய்டு மாத்திரை போட்டாயிற்றா? இல்லை, ரத்தம் கொடுத்துவிட்டுத்தான். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாயா? "இல்லக்கா" என்று சின்னவள் சொல்வதற்கு முன்பே பெரியவளின் விரல் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டிருந்தது. வரிசையில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் தட்டுவாள்.

ரத்தம் எடுத்து முடித்ததும் சின்னவள் கண்ணை மூடிச் சாய்ந்தாள். மயக்கம் வருகிறதோ என்று பெரியவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஐம்பத்திரண்டு. கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, "போய்ப் படு, சாயங்காலம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சின்னவளின் கழுத்தில் கட்டி வந்து, தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். குரல்தான் அவளுக்குச் சோறு போடுவது. குரலுக்குப் போகும் நரம்பு கத்திக்கு மிக அருகில் ஓடுகிறது, எதுவும் கையில் இல்லை என்று அறுவை மருத்துவர் முன்பே கையை விரித்திருந்தார். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் அவள் பேசிய முதல் வார்த்தைகள், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." வார்டே சிரித்தது. பெரியவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை, நூற்றிருபத்தைந்து மைக்ரோகிராம். அது போதும், ஆயுசுக்கும் ஓட்டலாம் என்றார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் வழக்கமான பரிசோதனையில் எண்கள் தலைகீழாயின. மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி, தைராய்டைப் பார்த்து 'இன்னும் கொண்டா' என்று போடும் அதட்டலுக்குப் பெயர்தான் டி.எஸ்.ஹெச். உடம்பில் ஹார்மோன் குறைந்தால் அதட்டல் கூடும். தேவைக்கு மேல் இருந்தால் அது வாயே திறக்காது. சின்னவளுக்கு அது வாயே திறக்கவில்லை, ஹார்மோனோ எகிறிக் கிடந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று மருத்துவர் நூறாகக் குறைத்தார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் எண்கள் அதே இடத்தில் நின்றன. எழுபத்தைந்தாக்கினார். அடுத்த முறையும் இப்படியே வந்தால் ஐம்பது என்று சொல்லியிருந்தார்.

மாத்திரை குறையக் குறைய, சின்னவள் படுத்துக்கொண்டே போனாள். குளிருகிறது என்றாள். பகலிலும் தூங்கினாள். முகம் உப்பியது. வண்டி எண்ணை மாற்றிப் படித்தாள். குரல் தடித்து, ஒலிபெருக்கியில் யாரோ ஆம்பளை பேசுகிறார் என்று பயணிகள் சொல்லும் அளவுக்குப் போனதும், நிலையத்தில் அவளைத் தொலைந்த சாமான்கள் பிரிவில் உட்கார வைத்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். கத்திக்குத் தப்பிய குரல், கத்தியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் போன் செய்து அழும்போதெல்லாம் பெரியவள் சொன்னது ஒன்றுதான். "ரிப்போர்ட்ல ஹார்மோன் ஜாஸ்தியா இருக்குடி. ஜாஸ்தியா இருக்கறவளுக்குத் தூக்கமே வராது. மெஷின் பொய் சொல்லாது. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

பதினோரு மணிக்கு எந்திரம் சின்னவளின் எண்ணைத் துப்பியது. டி.எஸ்.ஹெச். 0.02. ஹார்மோன் முன்னைவிட அதிகம்.

பெரியவள் வழக்கம்போலக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தாள். எடுத்த கை நின்றது. ஐம்பத்திரண்டு. இத்தனை ஹார்மோன் உடம்பில் ஓடினால் நாடி நூறைத் தொட வேண்டும். உள்ளங்கை வேர்த்துக் கொட்ட வேண்டும், விரல் நடுங்க வேண்டும். தான் பிடித்துப் பார்த்த கையோ செத்த மீனைப் போலக் கிடந்தது. அதை முதல் தடவையாகவா பிடிக்கிறாள்? போன முறையும் இதே கைதான், இதே சில்லிப்புதான். அப்போது ஏன் மண்டையில் உறைக்கவில்லை? குழாயை மறுபடி எந்திரத்தில் வைத்தாள். அதே எண். எந்திரத்தைச் சரிபார்க்கக் காலையில் ஓட்டிய மாதிரிகளைப் பார்த்தாள், எல்லாம் சுத்தம். குழாய் மாறியதா என்று பார்த்தாள், மாறவில்லை. எந்திரத்தின் மேல் தப்பில்லை, குழாயின் மேல் தப்பில்லை, ரத்தத்தின் மேலும் தப்பில்லை. அப்படியென்றால் யார் பொய் சொல்கிறார்கள்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜைக்காரி ஏதோ கேட்க வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேராகச் சின்னவள் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் மாப்பிள்ளை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கையில் தட்டு, தோளில் வேலைச் சட்டை.

"வாங்கக்கா. உங்க தங்கச்சி தூங்குறா. எப்ப எழுப்புனாலும் தூங்குறா. நானே போட்டுச் சாப்பிடுறேன். ஏதாவது சொன்னா என்னைக் கொடுமக்காரன்னு சொல்லுவீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல மாப்ள. நீங்க சாப்பிடுங்க."

அறையில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. சின்னவள் ஸ்வெட்டர் போட்டுக் கால்மாட்டில் கிடந்த கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கினாள். புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்து, அந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் படமே இதுதான். ஹார்மோன் இல்லாத உடம்பின் படம். படிக்காதவன்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவான், தான் மட்டும் ஐந்து மாதமாகக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்ததும் பெரியவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. தங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், எந்திரி. என்ன சாப்பிடுற நீ?"

"இன்னும் சாப்பிடலக்கா."

"சாப்பாட்டக் கேக்கல. தைராய்டு மாத்திரையத் தவிர என்னத்தப் போடுற? மருந்து, மாத்திர, கஷாயம், ஏதாவது?"

"ஒண்ணுமே இல்லக்கா. காலைலதான் சொன்னேனே."

பெரியவள் நம்பவில்லை. அலமாரியைத் திறந்தாள். குளியலறையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள். சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடினாள். மாப்பிள்ளை தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். போலீஸ் சோதனைக்கு வந்த வீட்டுக்காரரைப் போல முழித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தச் சத்து டப்பாவையா தேடுறீங்க? அது ஃபிரிட்ஜ் மேல இருக்கும்" என்றார்.

ஃபிரிட்ஜின் மேல், பழத்தட்டுக்குப் பின்னால், பச்சை மூடி போட்ட வெள்ளை டப்பா. கொட்டை எழுத்தில் 'அட்ரினல் சப்போர்ட்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துச் சூரியனைப் பார்த்துச் சிரித்தாள். எப்போதும் களைப்பா? காரணம் சோர்ந்துபோன உங்கள் அட்ரினல் சுரப்பிதான், அதற்குக் கொஞ்சம் துணை நில்லுங்கள் என்று எழுதியிருந்தது. பெரியவள் டப்பாவைத் திருப்பினாள். அரிசியை விடச் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். ஏதோ வேர்ப்பொடி. ஏதோ மிருகத்தின் சுரப்பிப் பொடி. வைட்டமின்கள். கடைசிக்கு முந்தின வரியில் பயோட்டின், ஒரு நாளைக்கு வேண்டியதைப் போல முந்நூறு மடங்கு.

பயோட்டின் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவள் ஆடிப்போனாள். எந்திரம் வாங்கியபோது பயிற்சி கொடுத்தார்கள். அவளும் உட்கார்ந்திருந்தாள், முடித்ததற்குக் கையெழுத்தும் போட்டாள். எந்திரத்துக்குள் ஹார்மோனைப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும், அந்தப் பசையில் பாதி இதே பயோட்டின். ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் பசை அதோடு ஒட்டிக்கொள்ளும், எண் எல்லாம் கோணலாகும். இருப்பதை இல்லை என்று காட்டும், இல்லாததை இருக்கிறது என்று காட்டும். தைராய்டு இல்லாமல் செத்துக்கொண்டிருப்பவளைத் தைராய்டு பொங்கி வழிகிறவள் என்று காட்டும். இதெல்லாம் எந்திரத்துக்கு ஊற்றும் ரசாயனப் பெட்டியோடு வரும் தாளில் எழுதியிருந்தது. தினம் ஒரு பெட்டி பிரிக்கிறாள், தாளைக் குப்பையில் போடுகிறாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கட்டிலின் மேல் எறிந்தாள்.

"வேற எதுவும் போடலன்னு சொன்னியே. இது என்னடி?"

சின்னவள் டப்பாவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ மருந்துதானேக்கா கேட்ட. இது மருந்து இல்லயே, சத்து."

பெரியவள் மூன்று முறை கேட்டிருக்கிறாள், மூன்று முறையும் மருந்து என்றே கேட்டிருக்கிறாள். மருத்துவரும் அப்படித்தான் கேட்டிருப்பார். மருந்தென்றால் டாக்டர் எழுதித் தருவது, கசப்பது, நோய்க்குப் போடுவது. சத்து என்பது வேறு. அதைச் சாப்பிடுகிறவர்கள் நோயாளிகள் கிடையாது, உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் நடுவில் இருந்த சந்தில் தன் தங்கை விழுந்து கிடந்திருக்கிறாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது புரிந்த வேகத்திலேயே கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"சத்தாம் சத்து. அறிவிருக்கா உனக்கு? கண்ட கடைல கண்டதையும் வாங்கித் தின்னுட்டு, என் மெஷினயே முட்டாளாக்கி வச்சிருக்க. எவன் சொன்னான் உனக்கு இத வாங்கச் சொல்லி? மாப்ள, நீங்களா?"

"நான் இல்லக்கா. எனக்கு அதுல என்ன எழுதிருக்குன்னுகூடத் தெரியாது."

"பின்ன எந்தப் புண்ணியவான்?"

சின்னவள் கம்பளியின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். பேச அவளுக்கு நேரமானது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கரகரத்து வந்தன.

"நீதான்க்கா சொன்ன."

"நானா?"

"அசதியா இருக்குன்னு போன் பண்ணேன்ல, வருஷப் பொறப்புக்கு முன்னால. நீ வேலைல இருந்த. ஏதாச்சும் சத்து மாத்திர வாங்கிப் போடுடி, சும்மா சும்மா போன் பண்ணி உயிர எடுக்காதன்னு சொன்ன. நான் மருந்துக்கடைல போய் அசதிக்குச் சத்துன்னு கேட்டேன். இதக் குடுத்தாங்க."

 மாப்பிள்ளை தட்டைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போனார். பெரியவளுக்கு அந்தப் போன் நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அதே வார்த்தைகளில், அதே குரலில் சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மன்னிச்சுக்கோடி என்று சொல்ல வாயெடுத்தாள். வெளியே வந்தது வேறு. "நான் சொன்னா, என்ன வாங்கினேன்னு எனக்குக் காட்ட வேண்டியதுதான?" சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

பெரியவள் கூடத்துக்கு வந்து மருத்துவருக்குப் போன் போட்டாள். அவர் நிதானமாகக் கேட்டார். அந்த நிதானமே அவளுக்கு ஆகவில்லை.

"நான் கேட்டேனே, வேற எதுவும் எடுக்கலன்னுதான சொன்னாங்க" என்றார்.

"அது மருந்து இல்ல டாக்டர், சத்து."

"ம். மாத்திரையக் கொறைக்க வேண்டாம், இப்ப போடறதப் போடட்டும். அந்த டப்பாவ நிறுத்தி நாலு நாள் கழிச்சு ரத்தம் எடுங்க. அட்ரினல் சுரக்கற கார்ட்டிசாலும் சேர்த்துப் பாருங்க. இந்த மாதிரிச் சாமான்ல சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், தைராய்டு ஹார்மோனே கலந்திருக்கும், மேல எழுத மாட்டாங்க. நிறுத்துனதும் வாந்தியோ மயக்கமோ வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க. டப்பாவத் தூக்கிப் போட்டுடாதீங்க."

அந்த நாலு நாளும் பெரியவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்களிடம் மட்டும் பேசினாள். மருந்து, சத்து, பவுடர், முடி கொட்டாமல் இருக்கப் போடுவது, நகத்துக்குப் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வரிசை வாசலைத் தாண்டிப் போனது. ஒரு வாத்தியார் எரிச்சலோடு, "ரத்தம் எடுக்கறீங்களா, ரேஷன் கார்டு எழுதுறீங்களா?" என்றார். பிறகு தானே யோசித்து, முட்டி வலிக்கு மருமகள் ஏதோ வாங்கிக் கொடுக்கிறாள் என்றார். முதல் நாளிலேயே இப்படிப் பதினொரு பேர் அகப்பட்டார்கள். இத்தனை வருஷமும் இவர்கள் எல்லோருக்கும் 'இல்லை' என்று தட்டியவள் தான்தான் என்ற நினைப்பு வந்தபோது, அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கையை மறுபடி கழுவிக்கொண்டு வந்தாள்.

நாலாம் நாள் காலையில் மாப்பிள்ளை சின்னவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு சின்னவள் எழுந்தாள்.

பதினொன்றரைக்கு எண் வந்தது. டி.எஸ்.ஹெச். 68. கார்ட்டிசால் சரியாக இருந்தது, அந்த மட்டுக்கும் தப்பித்தது. பெரியவள் அறுபத்தெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காரணம் கிடைத்தால் மனசு ஆறும் என்று நாலு நாளாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். சின்னவள் குளிருகிறது என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அவளுக்குக் குளிரியிருக்கிறது. மூளை ஓடவில்லை என்று அழுத ஒவ்வொரு நாளும் ஓடாமல்தான் இருந்திருக்கிறது. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாகப் பழைய அளவுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, "நல்ல வேளை" என்றார். எது நல்ல வேளை என்று கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. குரல் திரும்புமா என்று மட்டும் கேட்டாள். பெரும்பாலும் திரும்பும், சில மாதம் ஆகும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

சாயங்காலம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்ச் சின்னவளின் கையில் கொடுத்தாள். சின்னவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எண்ணின் மேல் விரலை வைத்துப் படித்தாள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"இது ஜாஸ்தியாக்கா?"

"இருக்க வேண்டியதைப் போலப் பதினஞ்சு மடங்கு. உன் உடம்பு அஞ்சு மாசமாக் கத்திட்டு இருந்திருக்கு."

"அப்ப நான் சோம்பேறி இல்ல."

"யாரு அப்படிச் சொன்னா?" என்றார் மாப்பிள்ளை. சின்னவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் மேஜையைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். போய்வர நேரமானது. திரும்பி வந்தபோது கையில் அவளுடைய கோப்பு இருந்தது. அதிலிருந்து இரண்டு ரிப்போர்ட்டுகளை உருவி, முதலில் வந்ததை மேலே வைத்து, அக்காவின் பக்கம் தள்ளினாள். ஒவ்வொன்றின் அடியிலும் பெரியவளின் கையெழுத்து வளைந்து நெளிந்து அழகாக இருந்தது.

"இதுல எழுதுக்கா."

"என்னன்னு?"

"தப்புன்னு."

"கையெழுத்துப் போட்டு வெளிய வந்த ரிப்போர்ட்ல அப்படிக் கையால எழுதக் கூடாதுடி. அதுக்கு ஒரு முறை இருக்கு. நாளைக்குத் திருத்தின ரிப்போர்ட் போட்டு நானே கொண்டாந்து..."

"ஸ்டேஷன்ல இதக் காட்டித்தான் என்னை எறக்கிவிட்டாங்க. உனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மருந்துதான் ஜாஸ்தின்னு. இவரும் இதக் காட்டித்தான் சண்ட போட்டாரு. நீயும் இதப் பாத்துத்தான் பேசுன." சின்னவள் மூச்சு வாங்கினாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வீட்டில் கோபம் மொத்தத்தையும் மூத்தவளே எடுத்துக்கொண்டாள் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். "எழுது."

பெரியவள் பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தாள். காகிதம் வழவழப்பானது, மை பிடிக்கவில்லை. முதல் கோடு வழுக்கிக்கொண்டு போனது. இன்னும் அழுத்தினாள். எண்ணுக்கு மேலேயே, பட்டை பட்டையாக, 'தப்பு' என்று எழுதினாள். கடைசி எழுத்தைச் சுழிக்கும்போது முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை, சுழியை முழுதாகச் சுழித்து முடித்தாள்.

சின்னவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு முறை படித்தாள். அதைக் கணவரின் முன்னால் நகர்த்திவைத்தாள். பிறகு அடுத்ததை எடுத்து, மடிப்பு நீங்க உள்ளங்கையால் இரண்டு தரம் தேய்த்து, அக்காவின் பேனாவுக்குக் கீழே வைத்தாள்.